கோவையிலிருந்து பெங்களூரு: சம்பள உயர்வில் கையில் நிற்பது எவ்வளவு?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இனி வரும் கணக்குகள் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. நீங்கள் கோவையில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். டிப்ளமா படித்தவர், பணி நிரந்தரமானவர், சர்வீஸ் நான்கு ஆண்டு ஐந்து மாதம், மாத மொத்தச் சம்பளம் 20,500 ரூபாய். மனைவி தனியார் பள்ளியில் 11,000 ரூபாய்க்கு ஆசிரியை, மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள அப்பா உங்களோடு இருக்கிறார், வீட்டு வாடகை 7,500. இப்போது பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் ஆண்டுக்கு 4,20,000 ரூபாய் சிடிசி (உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்று ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. தொடக்கத்தில் பணி நியமன ஆர்டர் தரப்போவது தொழிற்சாலை அல்ல, அதற்கு ஆள் அனுப்பும் ஒரு மேன்பவர் நிறுவனம். அங்கே நீங்கள் பார்த்த வீட்டுக்கு 13,000 வாடகை, பத்து மாத அட்வான்ஸ். "மாதம் 14,500 கூடுகிறது, கர்நாடகத்தில் தொழிலாளர் சட்டம் எப்படி, வெளிமாநிலத்தான் என்று ஒதுக்குவார்களா, குடும்பத்தோடு போகலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டத்தைப் பற்றிய கேள்வியாக எழுதியிருந்தாலும், நீங்கள் அறிய விரும்புவது, அந்த 14,500இல் எவ்வளவு உண்மையில் வீடு வந்து சேரும், அதற்காக இங்கே எதை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்பதுதான் என்று எனக்குப் படுகிறது. இரு மாநிலங்களிலும் தொழிற்சாலைகளுக்குச் சம்பளப் பட்டியலும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) கணக்கும் பார்த்து வருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். வழக்கறிஞர் அல்லேன், ஆகவே வழக்கு வரை போகக்கூடிய இடங்களில் அவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் அந்த 14,500. அது 4,20,000ஐப் பன்னிரண்டால் வகுத்து வந்த 35,000இலிருந்து 20,500ஐக் கழித்து வந்த எண். ஆனால் இரண்டும் ஒரே வகைத் தொகைகள் அல்ல. 20,500 என்பது சம்பளச் சீட்டில் உள்ள மொத்தம். 35,000 என்பது உங்களுக்காக நிறுவனம் செலவழிக்கும் எல்லாமும் சேர்ந்த தொகை. நீங்கள் அனுப்பியிருக்கும் பிரிவைப் பார்த்தால் அதற்குள் நிறுவனத்தின் பிஎஃப் பங்கு 1,800, கிராஜுவிட்டிக்கென்று (பணிக்கொடை) அடிப்படைச் சம்பளம் 17,500இல் 4.81 விழுக்காடு, அதாவது 842, குழுக் காப்பீட்டுத் தவணை 358, ஆண்டு முடிவில் 'செயல்திறனைப் பொறுத்து' தரப்படும் 24,000 ரூபாயின் மாதப் பங்கு 2,000 ஆகியவை அடங்கியிருக்கின்றன. இவை போக மாத மொத்தச் சம்பளம் 30,000. அதில் உங்கள் பிஎஃப் பங்கு 1,800, கர்நாடகத் தொழில் வரி 200 கழிந்தால் கைக்கு வருவது 28,000. இங்கே 20,500இல் பிஎஃப் 1,800, இஎஸ்ஐ 0.75 விழுக்காடாக 154, உள்ளாட்சி அமைப்பு அரையாண்டுக்கு ஒருமுறை வாங்கும் தொழில் வரியின் மாதப் பங்கு 208 போக ஏறக்குறைய 18,300 வாங்குகிறீர்கள். ஆகவே உண்மையான உயர்வு 9,700. தொழில் வரி இரு மாநிலங்களிலும் ஆண்டுக்கு 2,500ஐத் தாண்ட முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 276ஆம் பிரிவே அந்த உச்சவரம்பை வைத்திருக்கிறது. அதில் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. வருமான வரியையும் மறந்துவிடலாம். புதிய வரி முறையில் சம்பளக்காரருக்கு ஆண்டு 12,75,000 வரை வரி வராது என்பதால் வீட்டு வாடகைப்படி எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்பது உங்கள் வரியைத் தொடாது.

அந்த 24,000 ரூபாயை நான் எப்போதும் கணக்கில் சேர்ப்பதில்லை. கைக்கு வந்தால் மகிழ்ச்சி, அவ்வளவுதான். அதே சமயம், சட்டப்படியான போனஸை அந்தத் தொகைக்குள்ளேயே அடக்கிவிட்டார்களா, தனியாகத் தருவார்களா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய நிறுவனத்தில் தீபாவளிக்கு வாங்கும் போனஸ் மேலே உள்ள 18,300இல் சேரவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இனி வீட்டுக் கணக்கு. இப்போது இருவர் வருமானம் 29,300. வாடகை போக 21,800 மிஞ்சுகிறது. பெங்களூரில் மனைவிக்கு வேலை கிடைக்கும் வரை 28,000இல் 13,000 வாடகை போக 15,000தான் மிஞ்சும். அதாவது சம்பளம் உயர்ந்த முதல் மாதத்திலேயே வீட்டில் புழங்கும் பணம் கிட்டத்தட்ட ஏழாயிரம் குறைகிறது. மனைவிக்கு அதே 11,000 சம்பளத்தில் வேலை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் 26,000, இங்கேயுள்ளதைவிட 4,200 அதிகம். அதிலிருந்து, இப்போது இஎஸ்ஐ மருந்தகத்தில் இலவசமாக வாங்கும் அப்பாவின் மாத்திரைக்கும் பரிசோதனைக்கும் குறைந்தது 2,500 கழியும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அட்வான்ஸ் 1,30,000இல் கோவை வீட்டுக்காரர் திருப்பித் தரும் 30,000 போக ஒரு லட்சத்தை நகைக்கடனாகப் புரட்டினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் மாதம் 1,000. மீதி 700. பீன்யாவுக்கு மெட்ரோவில் போய்வரும் செலவும், ஊருக்கு வந்துபோகும் செலவும் அந்த 700க்குள்தான் அடங்க வேண்டும். பெங்களூரு மெட்ரோ கட்டணம் 2025 பிப்ரவரியில் கணிசமாக உயர்ந்தது, உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. மளிகை, காய்கறி, பால் விலைகளை நான் இதில் தொடவே இல்லை. அவற்றில் உள்ள வேறுபாடு ஊருக்கும் ஊருக்கும் இருப்பதைவிடப் பேட்டைக்கும் பேட்டைக்கும்தான் அதிகம்.

இந்தக் கணக்கில் ஆட்டம் காணக்கூடிய எண்கள் மூன்று: வாடகை, மனைவியின் சம்பளம், அப்பாவின் மருத்துவச் செலவு. வாடகையில் தாசரஹள்ளி, ஜாலஹள்ளி உள்தெருக்களில் ஓராயிரம் இரண்டாயிரம் குறைவாகவும் வீடு கிடைக்கலாம். ஆனால் காவிரிக் குழாய் இணைப்பு உள்ள வீடா, ஆழ்குழாய்க் கிணறும் லாரித் தண்ணீரும்தானா என்று கேட்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். 2024 கோடையில் அந்த நகரம் பட்ட பாடு செய்திகளில் வந்ததுதான். லாரித் தண்ணீர் நம்பிய வீடுகளில் பராமரிப்புக் கட்டணம் வாடகையோடு போட்டி போட்டது. மின்கட்டணத்தில் கர்நாடகம் உங்களுக்குச் சாதகம்: தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், அங்கே கிருஹ ஜோதித் திட்டத்தில் மாதம் 200 யூனிட் உச்சவரம்புக்குள், முந்தைய சராசரிப் பயன்பாட்டை ஒட்டிக் கணக்கிட்ட அளவு வரை கட்டணம் இல்லை, வாடகைதாரரும் சேரலாம். ஆனால் வாடகை ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். பெண்களுக்கு இலவசப் பேருந்து இரு மாநிலங்களிலும் உண்டு. தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்தில் ஏறும் எந்தப் பெண்ணுக்கும் அது பொருந்தும், கர்நாடகத்தில் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை கேட்பார்கள். ஆதாரில் முகவரியை மாற்றும் வரை உங்கள் மனைவி டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும். ரேஷன் விஷயத்தில் பலர் 'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' என்று நம்பிப் போகிறார்கள். அது தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் முன்னுரிமை அட்டைகளுக்கு மட்டுமே, அதிலும் மத்திய அரசு தரும் தானியத்துக்கு மட்டுமே. முன்னுரிமையற்ற அட்டைக்கும் தமிழ்நாடு அரிசி தருகிறதே, அது ஓசூரைத் தாண்டாது. மாநிலம் தன் பணத்தில் தரும் பருப்பும் பாமாயிலும் அப்படியே.

அப்பாவின் மருத்துவத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள். இஎஸ்ஐ சம்பள வரம்பு 21,000. நீங்கள் இப்போது அந்த வரம்புக்கு ஐந்நூறு ரூபாய் கீழே நிற்கிறீர்கள். மாதம் 154 ரூபாய்க்கு உங்களுக்கும் மனைவி, மகள், உங்களைச் சார்ந்துள்ள தந்தைக்கும் வெளிநோயாளிச் சிகிச்சை, மருந்து, அறுவைச் சிகிச்சை எல்லாம் கிடைக்கின்றன. நீங்கள் நோயுற்றுப் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கிறது. சிங்காநல்லூர் மருத்துவமனையில் வரிசையில் நிற்பது எரிச்சலான வேலைதான். ஆனால் அறுபது வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிக்கு வெளியே தனிநபர் காப்பீடு எடுக்கப் போனால் என்ன தவணை சொல்கிறார்கள், ஏற்கனவே உள்ள நோய்க்கு எத்தனை ஆண்டு காத்திருக்கச் சொல்கிறார்கள் என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள். புதிய நிறுவனத்தின் குழுக் காப்பீடு 358 ரூபாய்த் தவணையில் பெற்றோரைச் சேர்த்திருக்க வாய்ப்பில்லை. சேர்த்திருந்தாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம், மாத மாத்திரைக்கு அல்ல.

இங்கே ஒரு சந்தேகமான இடம் இருக்கிறது, அது உங்களுக்குச் சாதகமாகவும் முடியலாம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டதாக மத்திய அரசு அறிவித்தது. அவற்றில் 'ஊதியம்' என்பதன் வரையறை மாறியிருக்கிறது: வீட்டு வாடகைப்படி போன்ற சில இனங்கள் அதில் சேராது, ஆனால் அப்படி விலக்கப்படுபவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி ஊதியத்தோடு சேர்ந்துவிடும். இந்த வரையறையைக் கண்டிப்பாகப் பின்பற்றினால், மாதம் 30,000 வாங்கும் உங்களின் சட்டப்படியான ஊதியம் 17,500தான் என்றாகி, 21,000 வரம்புக்குள் வந்து இஎஸ்ஐயில் தொடர இடமுண்டு. பழைய நடைமுறைப்படி 30,000 வாங்குபவர் வெளியேதான். விதிகள் படிப்படியாக வந்துகொண்டிருக்கும் இந்தக் காலத்தில் இரு நிறுவனங்கள் இரு விதமாகப் பிடித்தம் செய்வதைக் காண்கிறோம். ஆகவே நான் என் கணக்கில் இஎஸ்ஐ இல்லை என்றே வைத்திருக்கிறேன். "எனக்கு இஎஸ்ஐ பிடிப்பீர்களா" என்ற ஒரே கேள்வியை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ஆம் என்று பதில் வந்தால் அந்த 2,500 ரூபாய் உங்களுக்குத் திரும்பிவிடும். இல்லை என்று வந்தாலும் அட்டையைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். ஏற்கனவே கட்டிய பங்களிப்புக்குரிய பயன்காலம் முடியும் வரை மருத்துவ உரிமை நீடிக்கும். அது எந்தத் தேதி வரை என்பதைக் கிளை அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

சட்டப் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டீர்கள். பிஎஃப், இஎஸ்ஐ, கிராஜுவிட்டி, போனஸ், மகப்பேறு விடுப்பு, ஆட்குறைப்பு இழப்பீடு எல்லாம் மத்தியச் சட்டங்கள். எல்லையைக் கடந்தாலும் உங்களோடு வரும். தமிழர் என்பதாலோ வெளிமாநிலத்தார் என்பதாலோ இவற்றில் ஒரு ரூபாயும் குறையாது. உள்ளூர்க்காரருக்கே வேலை என்ற பேச்சு அவ்வப்போது எழும். கர்நாடக அமைச்சரவை 2024 ஜூலையில் தனியார் வேலைகளில் உள்ளூர் ஒதுக்கீட்டு மசோதா ஒன்றுக்கு ஒப்புதல் தந்து, எதிர்ப்பு வந்ததும் நிறுத்தி வைத்தது; ஹரியானா இயற்றிய 75 விழுக்காட்டுச் சட்டத்தை 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. இதை வைத்து நீங்கள் முடிவெடுக்க வேண்டியதில்லை. குறைந்தபட்ச ஊதியம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்தான், ஆனால் நீங்கள் இரு இடத்திலும் அதற்கு மேலே இருக்கிறீர்கள்.

மாநிலத்தோடு நின்றுவிடுவது எது என்பதுதான் உங்களுக்கு முக்கியம். தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டு இயற்றப்பட்ட, தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் ஒன்று இருக்கிறது: தொடர்ந்த 24 மாதங்களில் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்று அது சொல்கிறது. இது மாநிலச் சட்டம். மத்தியத் தொகுப்புகள் நீக்கிய 29 சட்டங்கள் மத்தியச் சட்டங்களே, இது அந்தப் பட்டியலில் இல்லை. இந்தச் சட்டத்தைப் பல நிறுவனங்கள் 470ஆம் நாள் இடைவெளி விட்டு ஏமாற்றுவதும் உண்டு, தொழிற்சங்கங்கள் அலுவலக அலுவலகமாக ஏறி இறங்குவதும் உண்டு. ஆனாலும் கேட்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. கர்நாடகத்தில் இதற்கு நேரான தனிச் சட்டம் கிடையாது. வேலை நேரத்திலும் இரு மாநிலங்களின் போக்கு வேறு: 2023இல் கர்நாடகம் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, வாரம் 48 மணி நேரத்துக்குள் நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்தது; தமிழ்நாடு அதே ஆண்டு ஏப்ரல் 21 அன்று ஏறக்குறைய அதே நோக்கில் ஒரு மசோதாவை நிறைவேற்றி, தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்ததால் மே தினத்தன்று திரும்பப் பெற்றது. கர்நாடகத்துத் தொழிற்சாலைகள் எல்லாம் 12 மணி நேரம் ஓடுகின்றன என்று இதற்குப் பொருள் இல்லை. உங்கள் ஷிப்ட் எட்டு மணி நேரமா பன்னிரண்டா, மிகை நேரத்துக்கு இரட்டை ஊதியம் சீட்டில் தனி வரியாக வருமா என்று அங்கே வேலை பார்க்கும் ஒருவரிடம் கேட்டால்தான் தெரியும். வெளியே இருந்துகொண்டு என்னால் அதைச் சொல்ல முடியாது.

ஆனால் என்னைக் கேட்டால், இரு மாநிலச் சட்டங்களுக்கு இடையிலுள்ள வேறுபாட்டைவிட, நீங்கள் கையெழுத்திடப்போகும் ஆர்டர் யார் பெயரில் இருக்கிறது என்பதே உங்கள் பாதுகாப்பைத் தீர்மானிக்கும். இங்கே நீங்கள் நிறுவனத்தின் நேரடி நிரந்தரத் தொழிலாளி. அங்கே ஒரு மேன்பவர் நிறுவனத்தின் ஆள். சம்பளம் தராமல் ஒப்பந்ததாரர் கைவிரித்தால் முதன்மை நிறுவனம், அதாவது வேலை வாங்கும் தொழிற்சாலை, கொடுக்க வேண்டும் என்பது சட்டம்; பிஎஃப் பாக்கிக்கும் அப்படியே. ஆனால் 'நாளையிலிருந்து வர வேண்டாம்' என்று சொன்னால், தொழிற்சாலை 'எங்கள் ஆள் அல்ல' என்று சொல்லும், ஒப்பந்ததாரர் வேறு இடத்தில் வேலை தருகிறேன் என்பார், அந்த இடம் வட கர்நாடகத்தில் இருக்கும். முதன்மையான உற்பத்திப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக் கூடாது என்று புதிய தொகுப்பு சொல்கிறது, விலக்குகளோடு. தர ஆய்வு முதன்மைப் பணியா இல்லையா என்பது இனி வழக்குகளில்தான் தெளிவாகும். அதை நம்பி நீங்கள் வீடு மாற முடியாது. நேரடி ஆர்டரே வாங்கினாலும், ஆட்குறைப்பில் கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்புவதே சட்டத்தில் உள்ள பொது விதி. இங்கே உங்களுக்குப் பின்னால் சிலர் இருக்கிறார்கள்; அங்கே வரிசையின் கடைசியில் நீங்கள்தான் நிற்பீர்கள். நிறுவனத்தை மூடவோ ஆட்களைக் குறைக்கவோ அரசின் முன் அனுமதி தேவைப்படும் வரம்பும் 100 தொழிலாளரிலிருந்து 300ஆக உயர்ந்துவிட்டது என்பதால் நடுத்தர அளவுள்ள தொழிற்சாலைகளில் இது வெறும் கற்பனை அல்ல.

பதவிப் பெயரையும் கவனியுங்கள். அங்கே உங்களைக் 'குவாலிட்டி சூப்பர்வைசர்' என்று போடப்போகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000க்கு மேல் வாங்குபவர் தொழிலாளி என்ற வரையறைக்கு வெளியே போய்விடுவார். அதோடு தொழில் தகராறு எழுப்பும் வழியும் பெருமளவு அடைபடும். நீதிமன்றங்கள் பெயரைப் பார்ப்பதில்லை, செய்த வேலையைத்தான் பார்க்கின்றன என்பது நிலைபெற்ற கருத்து: கேஜை வைத்து அளந்து, அறிக்கையில் கையெழுத்திட்டால் நீங்கள் தொழிலாளி; நாலு பேருக்கு விடுப்பு அனுமதித்து, வேலை பிரித்துக் கொடுத்தால் மேற்பார்வையாளர். ஆயினும் இதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். விசிட்டிங் கார்டில் அழகாக இருக்கும் அந்தப் பெயருக்காக இந்தச் சுமையை ஏற்க வேண்டுமா என்று யோசியுங்கள்.

கிராஜுவிட்டி. ஐந்து ஆண்டுக்கு ஏழு மாதம் இருக்கும்போது வேலையை விடுகிறீர்கள். கடைசி ஊதியம் 15,000 என்று கொண்டால், மாதத்தை 26 நாளாகக் கொண்டு ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் ஐந்து ஆண்டுக்கு 43,269 ரூபாய் வரும். இன்று விட்டால் ஒரு பைசா வராது. ஐந்தாவது ஆண்டில் 240 நாள் முடித்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அதன்படி பார்த்தால் இன்னும் மூன்று நான்கு மாதம் இருந்தால் கேட்க உரிமை வந்துவிடும். ஆனால் எல்லா நிறுவனங்களும் மறுபேச்சில்லாமல் கொடுப்பதில்லை, கிராஜுவிட்டிக்கான அரசுக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுப் போட வேண்டி வரலாம். இயன்றால் ஐந்து ஆண்டை முடித்துவிட்டுப் போவதே வம்பில்லாத வழி. ஓராண்டிலேயே கிராஜுவிட்டி என்று புதிய தொகுப்பைப் பற்றிப் பரவும் செய்தி குறிப்பிட்ட காலத்துக்கென நியமிக்கப்படுபவர்களுக்குத்தான், உங்களைப் போன்ற நிரந்தரப் பணியாளருக்கு அல்ல. அங்கே உங்களுக்குத் தரப்போவது அத்தகைய குறித்தகால நியமனமா என்று ஆர்டரில் பாருங்கள். அப்படியென்றால் அந்தச் சலுகை உங்களுக்கு உண்டு.

மகளின் படிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது. கர்நாடகப் பள்ளிகளில் கன்னடத்தை ஒரு மொழியாகக் கற்பிக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நான்காம் வகுப்பில் போய்ச் சேரும் குழந்தை ஓராண்டு திணறும், பிறகு நம்மைவிட நன்றாகப் பேசும். கவலை அதில் இல்லை. அங்கே பொது நுழைவுத் தேர்வு வழியாக அரசு இடங்களுக்குத் தகுதி பெற ஏழு ஆண்டு அந்த மாநிலத்தில் படித்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. இங்கே அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இடையில் போய் இடையில் திரும்பும் குழந்தைக்கு இரண்டும் இல்லாமல் போகலாம். அதுபோல், பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் என ஒரு மாநிலத்தில் பெற்ற சான்றிதழை வைத்துக் குடிபெயர்ந்த மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கோர முடியாது. 1990இல் உச்ச நீதிமன்றம் பட்டியல் சாதி, பழங்குடி வகுப்பினர் தொடர்பான வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. போவதென்றால் ஆறாம் வகுப்புக்கு முன் ஒரு பக்கமாக முடிவு செய்துகொள்வது நல்லது.

நீங்கள் மட்டும் போய் ஆறு மாதம் பார்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பீன்யாவில் பகிர்ந்து தங்கிச் சாப்பிட 9,000, ஊருக்கு வந்துபோக 2,500 என்று வைத்தால் 28,000இல் 16,500தான் வீட்டுக்கு அனுப்ப முடியும். இன்று நீங்கள் வீட்டுக்குத் தருவதைவிட 1,800 குறைவு. இங்கே உங்கள் சாப்பாட்டுச் செலவு மிஞ்சுவதால் கணக்கு ஏறக்குறைய சமமாகும். நட்டம் பெரிதில்லை, ஆனால் இலாபம் என்று சொல்ல எதுவும் இல்லை.

ஆகவே இந்த ஆஃபரை இப்போதுள்ள வடிவில் ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து. பெங்களூரே கூடாது என்று சொல்லவில்லை. மனைவிக்கு வேலை கிடைக்காமலே இன்றைய நிலை குலையாமல் இருக்க வேண்டுமானால் கையில் 38,000 வர வேண்டும். அதிலிருந்து வாடகை 13,000, மருந்து 2,500, வட்டி 1,000 போனால் 21,500, இன்றைக்கு மிஞ்சும் 21,800க்குப் பக்கத்தில் வருகிறது. அந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, நிறுவனத்தின் நேரடி ஆர்டர் கேட்டுப் பேசுங்கள். பண்டிகைக்காலப் பேருந்துக் கட்டணம் வரை கணக்குப் போடும் எனக்குக் கணக்கில் அடங்காத ஒன்று, அங்கே நீங்கள் கற்கப்போகும் வேலை. விமான உதிரிபாகங்களுக்கான தர ஆய்வு, சிஎம்எம் எனப்படும் கணினிவழி அளவீட்டு இயந்திரத்தில் சொந்தமாக புரோகிராம் போடுவது போன்றவை அந்த வேலையில் உண்டென்றால், இரண்டு ஆண்டில் உங்கள் சந்தை மதிப்பு மாறும். அப்போது 38,000 என்ற எண்ணில் நீங்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதை அந்தத் துறையில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். இங்கே பார்ப்பது போலவே வெர்னியரும் மைக்ரோமீட்டரும் பிடிக்கும் வேலைதான் என்றால் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

போவதென்று முடிவானால் வரிசை மாறாமல் செய்யுங்கள். ஆர்டர் எழுத்தில் கைக்கு வரும் முன் இங்கே ராஜினாமா கொடுக்காதீர்கள். நியமனக் கடிதம் தருவது இப்போது சட்டப்படி கட்டாயம் என்பதால் கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. விலகிய இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளத்தை முடித்துத் தர வேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்பு. பிஎஃப் கணக்கில் விலகிய தேதியை நிறுவனம் பதிந்துவிட்டதா என்று பார்த்த பிறகு, பழைய யுஏஎன் எண்ணையே (வேலை மாறினாலும் மாறாத பிஎஃப் எண்) புதிய இடத்தில் கொடுத்துத் தொகையை மாற்றிக்கொள்ளுங்கள். எடுத்துச் செலவழித்தால் ஓய்வூதியத்துக்குத் தேவையான பத்தாண்டுக் கணக்கில் உங்கள் நான்கரை ஆண்டு அழிந்துபோகும். பைக்கைக் கொண்டுபோவதாக இருந்தால், ஓராண்டுக்கு மேல் அங்கே ஓட்டும் வண்டியை மறுபதிவு செய்து கர்நாடக ஆயுள் வரி கட்ட வேண்டும். அதற்குக் கோவை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. வண்டி பழையதென்றால் இங்கேயே விற்றுவிட்டுப் போவது மேல்.